கட்டைவிரலால் மறைத்தது

யாரும் பேசக் கூடாது, படத்தைப் பாக்குற நேரத்துல வாயைத் தொறக்கக் கூடாது, போனைத் தொடக் கூடாது, பக்கத்துல நிக்கிறவன் மூஞ்சியைப் பாத்து அவன் என்ன நெனைக்கிறான்னு காப்பியடிக்கக் கூடாது, இதெல்லாம் நான் போட்ட சட்டம்தான், இந்த ஓவியக் கல்லூரியில வெள்ளிக்கிழமை கிரிட்டிக்குன்னா, பயலுக வரைஞ்சதைக் கூடி அலசுறதுன்னா, தனுஷ்கோடி சார் சட்டம்னு வாட்ச்மேன் வரைக்கும் தெரியும், அதனால இப்ப நானும் வாயைப் பொத்திக்கிட்டுத்தான் கடைசி பெஞ்சுல உக்காந்திருக்கேன். வாய்தான் பொத்தியிருக்கு. நெஞ்சு கெடந்து அடிச்சுக்குது. இப்ப முறை வந்து ஸ்டாண்டுல நிக்கிறது என் படம், அது இவய்ங்களுக்குத் தெரியாது. படத்துல பேர் இருக்கக் கூடாதுங்கிறதும் என் சட்டம்தானே, பேர் தெரிஞ்சா படத்தைப் பாக்க மாட்டாய்ங்க, ஆளைப் பாப்பாய்ங்க, அப்புறம் கிரிட்டிக் எங்க நடக்கும், பூராம் சோப்பு போடுற வேலைதான் நடக்கும். காலையில முதல் ஆளா வந்து, பயலுக படத்தோட படமா இதையும் சுவத்துல சாத்தி வச்சுட்டு, ஒன்னும் தெரியாத மாதிரி போய் டீ குடிச்சுட்டு வந்தேன். தாடி நரைச்ச ஆளு செய்யிற வேலையா இது, எவனாவது பாத்திருந்தா என்ன நெனைச்சிருப்பான். ஆனா வேற வழி தெரியலை எனக்கு. எவன்கிட்ட போயி என் படம் எப்படி இருக்குன்னு கேப்பேன், கூட வேலை பாக்குறவன்கிட்ட கேட்டா பிரமாதம் சார்னுட்டு முதுகுக்குப் பின்னாடி சிரிப்பான், வெளியில கேக்கலாம்னா என்னைய ஓவியன்னு எவனுக்குத் தெரியும். இந்தப் பயலுகதான் உண்மையைச் சொல்லுவாய்ங்க. சொல்லுறதுக்குப் பழக்கி விட்டவனே நான்தானே. மேல ஃபேன் கடகடன்னு ஆடுது, டர்பண்டைன் வாசனை மூக்குல ஏறுது. பரீட்சைக்கு உக்காந்த பயல் மாதிரி இருக்கு.

பரீட்சைதான். எனக்கு நானே வச்சுக்கிட்டது. இவய்ங்க இந்தப் படத்து முன்னாடி கொஞ்ச நேரமாவது அசந்து நின்னாய்ங்கன்னா திங்கக்கிழமை பிரின்ஸிபால் ரூமுக்குப் போயி வி.ஆர்.எஸ். வேணும்னு சொல்லிடுறது, மிச்சமிருக்கிற காலத்துக்கு வரையிறது, வேற எதுவும் செய்யிறதில்லை. நிக்கலைன்னா பேசாம சாக்பீஸைப் பிடிச்சுக்கிட்டு ரிட்டயர்மெண்டு வரைக்கும் ஓட்டுறது, அப்புறம் பேப்பர் படிச்சுக்கிட்டுக் கெடக்குறது. என் சம்சாரம் சுகந்திகிட்ட சொல்லிட்டேன், வேலையை விட்டாலும் விட்டுருவேன்னு, அவ ஒன்னும் அலட்டிக்கலை, "விடுங்க, என் சம்பளம் இருக்குல்ல, இத்தனை வருசமா வரையலை வரையலைன்னு மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்ததுக்கு வரைஞ்சு தொலைங்க"ன்னா. அவ சொல்லுறப்பதான் எனக்கே தெரிஞ்சது நான் மூஞ்சியைத் தூக்கி வச்சுக்கிட்டு இருந்திருக்கேன்னு. வேலையில சேர்ந்தப்ப ரெண்டு வருசம் இருந்துட்டு ஓடிரணும்னுதான் சேந்தேன். அப்புறம் கல்யாணம், வீடு, மக படிப்பு, எல்லாருக்கும் உள்ளதுதான், அதைச் சொல்லி அழுறதுக்கு ஒன்னுமில்லை. ஆனா யாராவது கேட்டா நான் என்ன சொல்லுவேன், "வரையிறதுக்கு ஆயிரம் பேரு இருக்காய்ங்க சார், பாக்கச் சொல்லித்தர்றதுக்கு ஒருத்தன் வேணும்ல"ம்பேன். கேக்குறதுக்கு நல்லா இருக்கும். எதிராளி தலையை ஆட்டுவான். பூராம் புளுகு. பயந்துக்கிட்டுத்தான் வரையலை. ஊரான் படத்துல குத்தம் கண்டுபிடிச்சுக் கண்டுபிடிச்சு, வெறும் கேன்வாஸைப் பாத்தாலே குத்தம் தெரிய ஆரம்பிச்சிருச்சு. அதுல ஒரு கோடு போடுறதுக்கு முன்னாடியே அந்தக் கோடு தப்புன்னு உள்ளுக்குள்ள ஒருத்தன் சொல்லிருவான், அவன் குரலு என் கிளாஸ் ரூம் குரலு.

பாக்குறாய்ங்க. ஜெனிஃபர் கண்ணை இடுக்கிக்கிட்டுப் பாக்குறா, நல்ல பிள்ளை, வெளிச்சம் எங்க இருட்டு எங்கன்னு பிரிச்சுப் பாக்கணும்னா கண்ணைப் பாதி மூடணும்னு முதல் வருசம் சொல்லிக் குடுத்தது, இன்னும் செய்யிறா. ஒச்சப்பன் கொட்டாவி விடுறான். உசிலம்பட்டிப் பக்கம், எதுக்கும் மசிய மாட்டான், கொட்டாவி விட்டான்னா படம் பிடிக்கலைன்னு அர்த்தமில்லை, காலையில சாப்பிடாம வந்திருப்பான், அப்படித்தான் இருக்கணும், அப்படி இல்லைன்னா, சே, ஒருத்தன் கொட்டாவிக்கு இம்புட்டு யோசனையா. இந்த நஸ்ரின் புள்ளை என்ன செய்யுது, படத்துக்கு முன்னாடி நிக்காம ஜன்னல் பக்கம் போயி சுவத்தோட ஒட்டி நின்னுக்கிட்டு சாச்சுப் பாக்குது, படத்தை நேரா நின்னு பாக்கணும்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன், கேட்டாத்தானே. அந்தா, பாலகுரு கையை நீட்டிட்டான். நீட்டி, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலைப் படத்துல இருக்கிற ஃபேன் மேல வச்சு மறைக்கிறான். எடுக்கிறான். ஜன்னல் வெளிச்சத்து மேல வைக்கிறான். எடுக்கிறான். பாலகுரு எது செய்தாலும் நான் செய்யிற மாதிரியே இருக்கும், இருமுறது கூட. அந்தக் கட்டைவிரல் வித்தை இந்தக் காலேஜுல நான் கொண்டுவந்தது, ரொம்பச் சுளுவு, படத்துல ஒரு இடம் சந்தேகமா இருந்தா கையை நீட்டி அந்த இடத்தைக் கட்டைவிரலால மறைச்சுப் பாரு, அது இல்லாமயே படம் நிக்குதுன்னா அது வேண்டாம், எடுத்துரு. "இது வேணுமா?" இதுதான் என் கேள்வி. படத்து முன்னாடி போயி நிப்பேன், கையை நீட்டுவேன், பய மூஞ்சி வெளிறிப் போகும், "இது வேணுமா?"ம்பேன். வேண்டாம் சார்ம்பான். ஹாஸ்டல்ல சோத்துத் தட்டுல அப்பளத்தை மறைச்சு வச்சுக்கிட்டு "இது வேணுமா?"ன்னு என்னைய மாதிரியே பேசிச் சிரிப்பாய்ங்களாம், கேள்விப்பட்டேன், எனக்குப் பெருமையாத்தான் இருந்துச்சு.

அந்த விரலாலதான் இந்தப் படத்துல இருந்து அவளை எடுத்தேன். யாரை, சுகந்தியைத்தான். இப்ப நெனைக்க வேண்டாம்னு பாக்குறேன், நெனைப்பு நிக்க மாட்டேங்குது. அவ ஆஸ்பத்திரியில நர்ஸு, நைட் டூட்டி முடிஞ்சு காலையில வருவா, வந்து சமைப்பா, துவைப்பா, அப்புறம்தான் படுப்பா. சித்திரை மாசம், நான் மத்தியானம் சோத்துக்கு வீட்டுக்குப் போறேன், கதவு தொறந்து கெடக்கு, கூடத்துல பாயில அவ தூங்குறா. மாடியில காஞ்ச துணியை மொத்தமா அள்ளிட்டு வந்து மடிக்க உக்காந்தவ, பாதி மடிச்சபடியே சாஞ்சிருக்கா, தலைக்கு அந்தத் துணிக் குவியல்தான், கையில என் பனியன் ஒன்னு அப்படியே இருக்கு, விடலை. டேபிள் ஃபேன் திரும்புறப்பல்லாம் சேலை மடிப்பு ஒன்னு மெல்லத் தூக்கி அமருது. வாய் நல்லாத் தொறந்திருக்கு. அழகுன்னு சொல்ல முடியாது, அந்த வார்த்தையே என் கிளாஸ்ல கூடாது, ஆனா செருப்பைக் கூடக் கழட்டலை நான். அம்புட்டு அசதியா ஒரு மனுசி தூங்கி நான் பாத்ததில்லை. பாத்ததில்லையா, தினம் என் வீட்டுலதானே தூங்குறா. அங்கேயே நின்னுக்கிட்டு இருந்தேன், சோறு திங்கலை, காலேஜுக்குப் போகலை, பழைய தாளை எடுத்துக் கிறுக்கினேன், சாயங்காலமே மாடி ரூமைக் கூட்டிச் சுத்தம் பண்ணி கேன்வாஸ் அடிச்சேன். அந்த முதல் வாரம் இருக்கே, நான் யாருன்னே எனக்குத் தெரியலை, கை தானாப் போச்சு, சாப்பாடு மறந்து போச்சு, பாட்டெல்லாம் வந்துச்சு வாயில. வாய் தொறந்தபடி அவ வந்து விழுந்தா கேன்வாஸுல, அப்படியே.

டீ எடுத்துக்கிட்டு மேல வந்தவ அதைப் பாத்துட்டா. "ஐயய்ய, என்னங்க இது, இப்படியா வாயைப் பொளந்துக்கிட்டுத் தூங்குறேன்"னு முந்தானையை வச்சு வாயை மூடிக்கிட்டுச் சிரிச்சா, சிரிச்சுட்டுப் போயிருவான்னு பாத்தா போகலை. டீ ஆறிப் போற வரைக்கும் நின்னா. "பாவமா இருக்குல்ல"ன்னா, வேற யாரையோ சொல்லுற மாதிரி. அப்புறம், "அந்தப் பனியனைக் கூட விடலை பாருங்க, கிறுக்கச்சி"ன்னா. மறுநாளே வார்டு பூராம் சொல்லியாச்சு, எங்க வீட்டுக்காரர் என்னைய வரையிறாருன்னு. காலேஜு வருசக் கண்காட்சியில இந்தப் படத்தையும் வைக்கிறேன், அதைப் பாக்க சிஸ்டருங்க எல்லாரும் வர்றாங்களாம், ஞாயித்துக்கிழமை, டூட்டியெல்லாம் மாத்தியாச்சாம், இவ அதுக்குன்னு சேலை எடுத்து வச்சுட்டா. நாளன்னைக்கு ஞாயித்துக்கிழமை. அவ பாத்த படம் இப்ப இல்லை. ஏன்னா ரெண்டாவது வாரம் உள்ளுக்குள்ள இருக்கிறவன் முழிச்சுக்கிட்டான். வாய் ஜாஸ்தியா இருக்கே, அழ வைக்கப் பாக்குறியான்னு கேட்டான். கையை நீட்டி மறைச்சுப் பாத்தேன், வாய் இல்லாம படம் நின்னுச்சு, மூடினேன். வாயை மூடினதும் அவ தூங்குற மாதிரியே இல்லை, போட்டோவுக்குக் கண்ணை மூடிக்கிட்ட மாதிரி ஆயிட்டா, சரின்னு மூஞ்சியைச் சுவத்துப் பக்கம் திருப்பினேன். திருப்பினதும் துணிக் குவியல் துருத்திக்கிட்டு நின்னுச்சு. இது வேணுமா? வேண்டாம். குவியல் போனதும் கையில பனியன் எதுக்குன்னு ஆயிருச்சு. அதுவும் போச்சு. ஒவ்வொன்னும் சரியாத்தான் செஞ்சேன், ஒரு பயல் ஒரு குத்தம் சொல்ல முடியாது, படம் ஒவ்வொரு நாளும் முந்துன நாளைவிட நல்லா ஆகிக்கிட்டே வந்துச்சு. கடைசியில ஒருநா கையை நீட்டிக் கட்டைவிரலை அவ மேலயே வச்சேன். தூரத்துல இருந்து பாத்தா ஆளு ஒரு விரலுக்குள்ள அடங்கிட்டா. நின்னுச்சு. ஆத்தாடி, என்னமா நின்னுச்சு, பாயும் ஃபேனும் தரையில விழுந்த வெளிச்சமும். எடுத்துட்டேன். கீழ வந்தேன், "முடிஞ்சிருச்சா"ன்னு கேட்டா, "முடிஞ்சிருச்சு"ன்னேன். மாடி ஏறினா அவளுக்கு முட்டி வலி, "நான் ஞாயித்துக்கிழமையே எல்லாரோடயும் சேந்து பாத்துக்கிறேன், இப்பவே பாத்துட்டா அப்புறம் என்ன இருக்கு"ன்னா. சொல்லியிருக்கலாம் அப்பவே. வாயில வந்துச்சு, சொல்லலை, படம் நல்லா இருந்தா அவளே புரிஞ்சுக்குவான்னு என்னைய நானே ஏமாத்திக்கிட்டேன்.

ஜெனிஃபர்தான் முதல்ல ஆரம்பிக்கிறா, முதல் சுத்துல என்ன தெரியுதோ அதை மட்டும்தான் சொல்லணும், பிடிச்சிருக்கு பிடிக்கலை கிடையாது. "பாய். டேபிள் ஃபேன். சிமெண்டுத் தரை. இடது பக்கத்துல இருந்து வெயில்." கூறு போட்ட மாதிரி சொல்லுறா. ரெண்டாவது சுத்து, எப்படி வச்சிருக்குன்னு, ஆளாளுக்குச் சொல்லுறாய்ங்க, ஃபேன் ஒரு பக்கம் இழுக்குது வெளிச்சம் இன்னொரு பக்கம் இழுக்குது சார், நடுவுல காலி இடம் நல்லாத் தாங்குது சார், தேவையில்லாதது ஒன்னுமே இல்லை சார். என் வார்த்தைதான் எல்லாம், நான் குடுத்ததைத்தான் எனக்கே திருப்பிக் குடுக்கிறாய்ங்க, இருந்தாலும் இனிக்குது, என்ன சொல்ல, காது மடல் சூடாகுது, இன்னும் சொல்லு இன்னும் சொல்லுன்னு மனசு கெடந்து கேக்குது. திங்கக்கிழமை பிரின்ஸிபால் ரூமுல என்ன பேசணும்னு கூட ஓட ஆரம்பிச்சிருச்சு. ஒச்சப்பன் முறை. எந்திரிச்சுத் தலையைச் சொறியிறான். "சார், இதுல தப்பே இல்லை சார்." அடி சக்கை, அவன் வாயில இருந்து இப்படி வந்ததேயில்லை. "அதான் சார் கடுப்பா இருக்கு." கிளாஸு சிரிக்குது. நானும் சிரிச்சுத் தொலைக்கிறேன். "குத்தம் இல்லைங்கிற, அப்புறம் எதுக்குடா கடுப்பு?" அவன் சிரிக்கலை. "சார், இது உங்க கண்ணுக்குப் பயந்து வரைஞ்ச படம் சார். நீங்க வந்து நின்னு இது வேணுமான்னு கேப்பீங்கன்னு, கேக்குறதுக்கு முன்னாடியே எல்லாத்தையும் எடுத்து ஒளிச்சு வச்சுட்டாய்ங்க. வரைஞ்ச ஆளு ஆசையா ஒரு இடம் கூட வரையலை சார். உங்ககிட்ட நல்ல பேரு வாங்கணும், அம்புட்டுதான்." சொல்லிட்டு அவன் திரும்பி பாலகுருவைப் பாக்குறான். எல்லாரும் பாலகுருவைப் பாக்குறாய்ங்க. பின்னால எவனோ "வேற யாரு"ங்கிறான்.

பாலகுரு தலையைக் குனிஞ்சுக்கிட்டான். எனதில்லைன்னு சொல்ல வேண்டியதுதானே. சொல்ல மாட்டான், வரைஞ்சவன் பேசக் கூடாதுன்னு சட்டம், எனதில்லைன்னு ஒருத்தன் சொன்னா மிச்சம் யாருன்னு ஊகம் கெளம்பிரும்னு அதுக்கும் ஒரு சட்டம் போட்டு வச்சிருக்கேன், அதனால பேசாம இருக்கான். ஆனா அது மட்டும் இல்லை. நல்லாப் பாக்குறேன், உதட்டோரத்துல ஒரு சின்னச் சந்தோசம் தெரியுது, இந்தப் படத்தைத் தன் படம்னு எல்லாரும் நெனைக்கிறதுல அவனுக்கு ஒரு பெருமை. கடவுளே. என் படத்தைப் பாத்து இது பாலகுரு படம்ங்கிறாய்ங்க, அவனும் ஆமாங்கிற மாதிரி இருக்கான், நாலு வருசமா என் மூஞ்சியைப் பாத்துப் பாத்து வரையிற பய, சொந்தமா ஒரு கோடு போடத் துணியாத பய, அவனை நான்தானே அப்படி ஆக்கினேன், நல்லா பண்றடான்னு தட்டிக் குடுத்து. அவன் என்னைய மாதிரி வரையிறானா, நான் அவனை மாதிரி வரைஞ்சுட்டேனா. எனக்குப் பயந்துதான் நானும் வரைஞ்சிருக்கேன். ஒச்சப்பன் சொன்னதுல ஒரு வார்த்தை தப்பில்லை, அதுனாலதான் பத்திக்கிட்டு வருது, அறையலாம் போல வருது, இவனுக்கு என்ன தெரியும், ஆசையா ஒரு இடம் கூட இல்லையாமே, ஒரு வாரம் சோறு தண்ணி இல்லாம கெடந்தேனே அது என்ன, "டேய், வரைஞ்சவன் நான்தாண்டா!"

சொல்லிட்டேன். கத்திட்டேன்னுதான் சொல்லணும். நான் எப்ப எந்திரிச்சேன்னு தெரியலை, நின்னுக்கிட்டு இருக்கேன். ஒச்சப்பன் மூஞ்சி செத்துப் போச்சு, "சார், சாரி சார், எனக்குத் தெரியாது சார், தெரிஞ்சிருந்தா"ன்னு இழுக்கிறான். "தெரிஞ்சிருந்தா என்னடா, பிரமாதம் சார்னு சொல்லியிருப்பியா, உக்காரு"ன்னேன். பாலகுரு என்னையப் பாக்குறான், ஏதோ தன் சாமானை நான் பிடுங்கிக்கிட்ட மாதிரி. வெளிய போயிரலாமான்னு இருக்கு. கதவு அங்க இருக்கு. அப்பத்தான் ஜன்னல் பக்கத்துல இருந்து நஸ்ரின் மெதுவா, "சார், என் முறை இன்னும் வரலை, சொல்லவா சார்?"ங்குது. வேண்டாம்னு சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கு. சொல்லும்மான்னேன். "பாய் மேல பெயிண்ட் ரொம்பத் தடிப்பா இருக்கு சார். முன்னாடி நின்னா தெரியலை. இங்கிட்டு வெளிச்சம் படுற பக்கம் நின்னு பாத்தா மேடு மேடாத் தெரியுது. இது தோள் சார். இது இடுப்பு. கால் மடங்கி இருக்கு. இங்க யாரோ படுத்திருக்காங்க சார்."

எல்லாப் பயலும் எந்திரிச்சு ஜன்னல் பக்கம் போறாய்ங்க. ஒருத்தன் தோள் மேல ஒருத்தன் கையைப் போட்டுக்கிட்டு எட்டி எட்டிப் பாக்குறாய்ங்க. ஆமாடா, ஆமாங்கிறாய்ங்க. "பொம்பளை மாதிரி இருக்கு"ங்கிறா ஜெனிஃபர். எத்தனை நேரம் நிக்கிறாய்ங்க, நகர மாட்டேங்கிறாய்ங்க, காலையில இருந்து எதுக்கு ஏங்கினேனோ அது நடக்குது, என் படத்து முன்னாடி அசந்து நிக்கிறாய்ங்க, நான் எடுத்துப் போட்டதைப் பாத்து. "யாரு சார்?"னு நஸ்ரின் கேக்குது. "என் சம்சாரம்மா." "எதுக்கு சார் எடுத்தீங்க?" எதுக்கு. என்கிட்ட எத்தனை வார்த்தை இருந்துச்சு, எடை, இடைவெளி, ஓட்டம், அடக்கம், எல்லாத்தையும் போர்டுல எழுதி எழுதிக் கையே தேஞ்சு போச்சு, இப்ப ஒன்னு கூட வர மாட்டேங்குது. "அவ இல்லாமயே படம் நின்னுச்சும்மா"ன்னேன். கேக்குறப்ப எனக்கே அசிங்கமா இருந்துச்சு.

ஞாயித்துக்கிழமை சுகந்தி அந்தச் சேலையைக் கட்டிக்கிட்டு, நாலு சிஸ்டருங்களைக் கூட்டிக்கிட்டு வருவா, இதுக்கு முன்னாடி வந்து நிப்பா, எங்கங்க நான்னு கேக்கக் கூட மாட்டா, அவங்களுக்கு முன்னாடி என்னைய விட்டுக் குடுக்க மாட்டா, நல்லா இருக்குல்லன்னு அவங்ககிட்ட சொல்லுவா. அதைத்தான் என்னால தாங்க முடியாது. ஒச்சப்பன் கிட்ட வந்துட்டான், படத்துக்கு ரொம்பக் கிட்ட, நகத்தைப் பாய் மேல வைக்கப் போயி, வைக்காம என்னையப் பாக்குறான், இவ்வளவு நேரம் பேசின பேச்சுக்கு வேற ஆளு மாதிரி கேக்குறான், "சுரண்டுனா வருவாங்களா சார்?" வர மாட்டாடா, நான் ஈரம் காயுறதுக்குள்ள அவ மேலயே பூசிட்டேன், ரெண்டும் ஒன்னாச் சேந்து இறுகிப் போச்சு, மேல இருக்கிறதைச் சுரண்டினா அவளும் சேந்து உரிஞ்சு வந்துருவான்னு சொன்னேன். அவன் கையை எடுத்துக்கிட்டான். எனக்கு நல்லாத் தெரியும், ஜன்னல் பக்கம் போகாமயே தெரியும், பாய்க்குக் கீழ எந்த இடத்துல அவ வாய் இருக்குன்னு. தொறந்தே இருந்துட்டுப் போகட்டும்னு விட்டிருக்கலாம்.